விறகு அடுப்பும் பனித்தண்ணீரும்: பின்லாந்தின் சவுனா



நம் சபைகளில் நர்சிங் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது பின்லாந்து தேசத்திற்கு வேலைக்குப் போகிறார்கள். வளைகுடா நாடுகளைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். பின்லாந்து நமக்குப் புதிது. ஆகவே பெற்றோர்கள் பலவிதமான கேள்விகளோடு வருகிறார்கள். குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டு முடித்த பிறகு, சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, அங்கே ஒரு சூட்டு அறையாம். ஆடையில்லாமல் எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு, நேரே பனிக்கட்டித் தண்ணீரில் போய் இறங்குவார்களாமே? மகளை அதற்குக் கூப்பிடுகிறார்களாம். போகலாமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஒழுக்கத்தைப் பற்றிய பயம் ஒன்று, இருதயத்தைப் பற்றிய பயம் ஒன்று. இரண்டும் அதில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டுச் சபையாரின் அழைப்பின்பேரில் அங்கே போய் வந்தவன் என்ற முறையிலும், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சவுனா என்பது பின்லாந்து மக்களின் சொந்தச் சொல். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை வேறுவிதமாக உச்சரித்தால் அந்த மக்கள் புன்னகையோடு திருத்துவார்கள். மரத்தால் கட்டிய ஒரு சிறிய அறை. உள்ளே ஓர் அடுப்பு. அடுப்பின்மேல் குவித்து வைத்த கருங்கற்கள். சுவரோரமாகப் படிக்கட்டுபோல உயரும் பலகை இருக்கைகள். ஒரு வாளி தண்ணீர், ஓர் அகப்பை. இவ்வளவுதான். ஏறக்குறைய 55 இலட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் சுமார் 30 இலட்சம் சவுனாக்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அடுக்குமாடி வீடுகளிலும், தொழிற்சாலைகளிலும், பாராளுமன்றக் கட்டடத்திலும்கூட உண்டு. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தப் பழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துக்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே இது பணக்காரர்களின் ஆடம்பரம் என்றோ, விடுதிகளில் நடக்கிற கேளிக்கை என்றோ நினைத்துவிடக் கூடாது. நம் பாட்டிமார் காலத்து எண்ணெய்க் குளியல் போல, வாரத்துக்கு ஒருமுறை வீடே கூடிச் செய்கிற காரியம் அது. சனிக்கிழமைதான் அதற்குரிய பழைய நாள். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஞாயிறை வரவேற்று ஆலயமணி அடிப்பது அங்கே வழக்கம். கிராமங்களில் அந்த நேரத்தை ஒட்டித்தான் வீட்டுக்கு வீடு சவுனாவின் புகை எழும்பும்.

இன்று நகரத்து வீடுகளில் மின்சார அடுப்புகளே அதிகம். ஆனாலும் யாரைக் கேட்டாலும் விறகு அடுப்புக்கு ஈடில்லை என்கிறார்கள். விறகு பெரும்பாலும் பிர்ச் என்னும் வெள்ளைப்பட்டை மரம். வெட்டிப் பிளந்து நன்றாகக் காயவைத்தது. கற்களிலும் கவனம் வேண்டும். ஆற்றோரம் கிடக்கிற எந்தக் கல்லையும் எடுத்து அடுக்கினால், சூடேறித் தண்ணீர் பட்டவுடன் வெடித்துச் சிதறக்கூடும். எரிமலைப் பாறை வகையைச் சேர்ந்த கனமான கற்களே தாங்கும்.

எல்லாவற்றிலும் பழமையானது புகைச் சவுனா. அதற்குப் புகைபோக்கியே கிடையாது. காலையில் கற்குவியலின் அடியில் தீ மூட்டினால் பல மணி நேரம் எரிய வேண்டும். அறை முழுவதும் புகை சூழ்ந்திருக்கும். அப்போது ஒருவரும் உள்ளே போவதில்லை. விறகு எரிந்து அடங்கி, தணலும் தணிந்தபின், கதவையும் மேலேயுள்ள திறப்பையும் திறந்து புகையை வெளியேற்றுவார்கள். பிறகு மாலை முழுவதும் கற்களில் தேங்கிய சூடு ஒன்றே போதும். சுவரெல்லாம் கரி, சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு கறுத்துவிடும். ஆனால் அந்தச் சூட்டின் மென்மை வேறெதிலும் இல்லை என்கிறார்கள். தம்பரே நகரத்தில் 1906-ல் தொடங்கிய ராயபோர்த்தி என்ற பொதுச் சவுனா இன்னும் நடக்கிறது. அந்த நாட்டில் இன்றளவும் இயங்கும் பொதுச் சவுனாக்களில் அதுவே மிகப் பழையது. அங்கேயும் பெரிய அடுப்பை முன்கூட்டியே விறகிட்டுக் காய்ச்சி, கல்லில் சேர்ந்த சூட்டிலேதான் ஜனங்கள் குளிக்கிறார்கள்.

உள்ளே சூடு எவ்வளவு? சாதாரணமாக 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை. இதைக் கேட்டதும் நம்மவர்கள் "தண்ணீர் கொதிக்கிற சூடல்லவா, மனிதன் வெந்துவிட மாட்டானா?" என்பார்கள். வேகாததற்குக் காரணம் காற்று உலர்ந்திருப்பதுதான். உலர்ந்த காற்று சூட்டைச் சரீரத்திற்கு மெதுவாகவே கடத்தும். வியர்வையும் உடனுக்குடன் ஆவியாகித் தோலைக் குளிர்விக்கும். ரொட்டி சுடும் அடுப்பைத் திறந்து ஒரு விநாடி கையை நீட்டலாம். ஆனால் இட்லிப் பானையின் மூடியைத் திறந்து ஆவியிலே கையை வைக்க முடியுமா? பானையின் ஆவி அந்த அடுப்பைவிடச் சூடு குறைந்தது. ஆனாலும் அது தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் சூட்டையெல்லாம் நம்மேல் இறக்கிவிடுகிறது.

சவுனாவின் இரகசியமும் இதுதான். ஒருவர் அகப்பையில் தண்ணீர் மொண்டு கற்களின்மேல் ஊற்றுகிறார். ஒரு சீறல். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெப்ப அலை கூரைவரை எழும்பி, மெதுவாகத் தோள்களின்மேல் இறங்குகிறது. வெப்பமானியில் பெரிய மாற்றம் ஒன்றும் இருக்காது. ஆனால் காது மடல்கள் சுடும். அந்த அலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லோய்லு. அந்தச் சொல்லின் பழைய பொருள் உயிர்மூச்சு, ஆவி என்பதாகும். அதோடு உறவுள்ள ஹங்கேரிய மொழிச் சொல்லுக்கு இன்றும் ஆத்துமா என்றே அர்த்தம்.

இதை அவர்கள் எனக்கு விளக்கியபோது, எங்கள் மொழியிலும் அப்படியே என்று சொன்னேன். இட்லிப் பானையிலிருந்து எழும்புவதும் ஆவி, மரணப்படுக்கையில் பிரிவதும் ஆவி, நாம் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவதும் ஆவி. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல் உண்டென்று இறையியல் கல்லூரியில் படித்தோம். பின்லாந்துக்காரருக்கும் தமிழருக்கும் அதே எண்ணம் தோன்றியிருப்பதைக் கண்டு இரு தரப்பாரும் வியந்தோம்.

நம்மைப் போன்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அந்த நாட்டுக் கிராமங்களில் பெண்கள் பிரசவித்தது சவுனாவில்தான். யோசித்துப் பார்த்தால் அதில் மிகுந்த ஞானம் இருக்கிறது. ஒரு விவசாயியின் வீட்டிலே கூட்டமும் அழுக்கும் இருக்கும். சவுனா தனியே நிற்கும். அங்கே வெந்நீர் இருக்கும், வெதுவெதுப்பு இருக்கும், புகையும் சூடும் பட்டுப்பட்டு வீட்டிலேயே சுத்தமான அறை அதுவாகத்தான் இருக்கும். பிரசவத்திற்கு அந்தக் கடும் சூடு வைப்பதில்லை, இதமான சூடுதான். வியாதியஸ்தரை வைத்துப் பார்த்ததும், இரத்தம் வாங்கி வைத்தியம் செய்ததும் அங்கேயே. வீட்டில் ஒருவர் மரித்தால் சரீரத்தைக் கழுவி ஆயத்தப்படுத்தியதும் அங்கேயே. ஏழையின் மருந்துக்கடை என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. சாராயம், தார், சவுனா மூன்றாலும் குணமாகாத வியாதி மரணத்திற்கே ஏதுவானது என்று ஒரு பழமொழியும் சொல்லுவார்கள். (எங்கள் டாக்டர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் அவ்வளவாக ரசிக்கவில்லை.) பிற்பாடு தாய்சேய் நல நிலையங்கள் வந்தன, 1944-ல் ஒவ்வொரு ஊராட்சியும் அதை நடத்த வேண்டும் என்று சட்டமே வந்தது. பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு மாறின. பெண்களின் உயிரைக் காத்தது அந்த மாற்றமே. ஆனாலும் மனிதன் பிறந்ததும், இறந்தபின் கழுவப்பட்டதும் ஒரே அறையில் என்கிற நினைவு அந்த ஜனங்களை விட்டுப் போகவில்லை. சவுனாவில் ஆலயத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உள்ளே உரத்த பேச்சு இல்லை, சண்டை இல்லை, பரிகாசம் இல்லை.

ஒழுக்கத்தைப் பற்றிய பயத்திற்கு இதுவே முதல் பதில். ஆடையில்லாமல் குளிப்பது உண்மைதான். அவர்களுக்கு அது குளியலறை. ஆனால் குடும்பத்திற்கு வெளியே ஆண்களும் பெண்களும் சேர்ந்து போவது வழக்கமல்ல. தனித்தனி அறை இருக்கும், அல்லது தனித்தனி நேரம் இருக்கும். ஹெல்சிங்கி கடற்கரையில் 2016-ல் திறந்த லோய்லு என்ற பெரிய நிலையத்தைப்போல, இருபாலாரும் சேர்ந்து போகும் சில இடங்களும் உண்டு. அங்கே நீச்சல் உடை கட்டாயம். உட்காரும் பலகையில் ஒரு சிறு துண்டை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். உள்ளே போகுமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். விருந்தாளியைச் சவுனாவுக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. வேண்டாம் என்றாலும், துண்டு கட்டிக்கொண்டு வருகிறேன் என்றாலும் ஒருவரும் வற்புறுத்துவதில்லை. ஆகவே பெண்பிள்ளைகள் தங்கள் உடன் ஊழியப் பெண்களோடு போவதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கூச்சம் அவரவர் வளர்ப்பைப் பொறுத்தது. அதையும் அங்குள்ளவர்கள் மதிக்கிறார்கள்.

நான் போனது தம்பரேக்கு வெளியே, ஏரிக்கரையில் ஒரு திருச்சபைக்குச் சொந்தமான முகாம் மையம். அந்த நாட்டு லுத்தரன் சபைகளில் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் 15 வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் அளவில் இப்படிப்பட்ட மையங்களில் தங்கவைத்துக் கற்பிக்கிறார்கள். பாடம், பாட்டு, ஆராதனை, அதோடு சவுனாவும் ஏரிக் குளியலும். நம் வாலிபர் முகாம்களில் கிரிக்கெட் இருப்பதுபோல் அங்கே இது.

மார்ச் மாதம். ஏரி முழுவதும் உறைந்து, மேலே மனிதர்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து ஒரு மரப்பாலம்; அதன் முனையில் பனிக்கட்டியை அறுத்து எடுத்த ஒரு திறப்பு, நம் வீட்டு நீர்த்தொட்டி அளவு. மறுபடியும் உறையாதபடி அடியில் ஒரு சிறு பம்பு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. கறுத்த தண்ணீர். அதிலே இறங்க ஓர் ஏணியும் கைப்பிடியும். பார்க்கும்போதே எனக்கு நடுக்கம் வந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

இரத்த அழுத்தத்திற்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறவன் நான். ஆகவே புறப்படுமுன்பே எங்கள் மருத்துவரிடம் கேட்டிருந்தேன். "சூட்டுக்குப் போங்கள், கீழ்ப் பலகையிலே உட்காருங்கள், பத்து நிமிஷம் போதும். அந்தத் தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்" என்றார். அப்படியே செய்தேன். கீழ்ப்படியில் சூடு குறைவு, மேற்படியில்தான் கடுமை. பிள்ளைகளும் முதியவர்களும் கீழே உட்காருவதை அங்கே ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை. பிர்ச் மரத்தின் இளங்கிளைகளைக் கட்டி, தண்ணீரில் நனைத்து, தோளிலும் முதுகிலும் மெல்ல அடித்துக்கொள்கிறார்கள். கோடையில் பறித்துக் கட்டிக் குளிர்காலத்திற்கென்று சேமித்து வைத்தவை அவை. அந்த இலை வாசனை அறையெல்லாம் நிறைந்தது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பனியிலே நின்றேன். சரீரத்திலிருந்து ஆவி பறந்தது, குளிரே தெரியவில்லை.

மற்றவர்கள் ஏரிக்குப் போனார்கள். அவர்கள் போன விதத்தைக் கவனித்துப் பார்த்தேன். ஒருவரும் ஓடவில்லை, குதிக்கவில்லை. தலையில் கம்பளிக் குல்லாய், காலில் வழுக்காத காலுறை. ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டு இறங்கினார்கள். கழுத்துவரை மட்டும், தலையை முக்கவில்லை. அரை நிமிஷம், அதிகம் போனால் ஒரு நிமிஷம். பிறகு அமைதியாக ஏறி வந்தார்கள். அவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையாரும் இருந்தார். சிறுவயது முதல் ஒவ்வொரு குளிர்காலமும் செய்து வருகிறாராம். "முதன்முறையாக வருகிறவர்கள் என்னைப் பார்த்து என் வயதைக் கணக்குப் பண்ணுகிறார்கள், நான் எத்தனை வருஷம் பழகினேன் என்பதைக் கணக்குப் பண்ணுவதில்லை" என்றார். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஏனென்றால் ஆபத்து முழுவதும் அந்த முதல் நிமிஷத்தில்தான் இருக்கிறது. உறையும் தண்ணீர் திடீரென்று தோலில் பட்டவுடன், நம்மைக் கேட்காமலே நுரையீரல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த விநாடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றாக இராது. அதைத் தொடர்ந்து மூச்சு வேகமாக அடித்துக்கொள்ளும். தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கும். இரத்த அழுத்தம் ஏறும். சூட்டிலே ஏற்கெனவே நிமிஷத்துக்கு 100 முதல் 150 வரை துடித்துக்கொண்டிருந்த இருதயத்தின்மேல் அந்தப் பாரம் வந்து விழும். இளைஞனுடைய நல்ல இருதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். அடைப்புள்ள இருதயம் தாளம் தப்பலாம், நின்றும் போகலாம். பழகினவர்களுக்கு இந்த அதிர்ச்சி குறைகிறது. அது பல தடவை, சிறிது சிறிதாக இறங்கிப் பழகியதால் வந்தது.

இப்போது நம் ஊர் நகரங்களிலும் உடற்பயிற்சி நிலையங்களில் பனிக்கட்டித் தொட்டி வைத்து, இருதயத்திற்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்கு ஆதாரமாகப் பின்லாந்தின் பெயரையும் சொல்லுகிறார்கள். 2015-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி உண்டு. கிழக்குப் பின்லாந்தில் நடுவயதுள்ள 2,315 ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்து வந்ததில், வாரத்துக்கு நான்கு முதல் ஏழு தடவை சவுனாவுக்குப் போனவர்களிடையே திடீர் மாரடைப்பு மரணம், ஒரே தடவை போனவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அடிக்கடி போகக்கூடியவர்கள் ஏற்கெனவே திடகாத்திரமானவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? மேலும் அந்த ஆராய்ச்சி சூட்டைப் பற்றியது. பனித்தண்ணீரைப் பற்றியது அல்ல. ஒன்றுக்குக் கிடைத்த சான்றிதழை இன்னொன்றின் கழுத்தில் மாட்டுவது சரியல்ல.

சூட்டையே போட்டியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஹெயினோலா என்ற ஊரில் 1999 முதல் யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டி நடத்தி வந்தார்கள். 2010 ஆகஸ்டில் 110 டிகிரியில் நடந்த இறுதிச் சுற்றில் இருவர் விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர் கடும் தீப்புண்களோடு தப்பினார். அதோடு போட்டி நின்றுவிட்டது. சவுனாவை நேசிக்கிற பலர் அந்தப் போட்டியை ஒருநாளும் விரும்பியதில்லை என்று என்னிடம் சொன்னார்கள்.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்களும், இருதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களும் சூட்டுக்கும் போக வேண்டாம், தண்ணீருக்கும் போக வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூட்டிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்; எழுந்து, சற்று நின்று, பிறகு நடக்க வேண்டும். மது அருந்திவிட்டு உள்ளே போவது கூடவே கூடாது. அங்கே நேரிடும் சவுனா மரணங்களில் மதுவின் பங்கு பெரியது. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுகிறவர்கள், ஊசி போட்ட பிறகு சூட்டில் உட்கார்ந்தால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை இறங்கிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது.

இன்னும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி எந்த விளம்பரத்திலும் காணமாட்டீர்கள். சர்க்கரையினாலோ தொழுநோயினாலோ கை கால்களில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள். சூடான கல்லோ ஆணித்தலையோ பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் எழும்பிய பிறகே தெரியும். தொழுநோய் தொட்ட தோல் வியர்ப்பதும் இல்லை. வியர்வையே அங்கே மனிதனுக்குக் காவல். குணமடைந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்டவர்கள் உறவினரைப் பார்க்க வெளிநாடு போகும்போது, ஆசையாக யாராவது அழைத்தால், காரணத்தைச் சொல்லி விலகிக்கொள்வதே நல்லது.

மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். முதல் தடவை கீழ்ப்படி, பத்து நிமிஷம். சிரமமாக இருந்தால் உடனே வெளியே வரலாம். நடுவில் எழுந்து போவது அங்கே அவமரியாதை அல்ல. ஏரிக்குப் பதிலாகக் குளிர்ந்த தண்ணீரை ஒரு வாளியில் எடுத்துக் கால்களில் ஊற்றிக்கொண்டாலும் போதும். வெறுமனே காற்றாட உட்கார்ந்தாலும் போதும். அங்குள்ளவர்களிலேயே ஏரியில் இறங்காதவர்கள் அநேகர். தாகம் தீரத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு அரை லிட்டர் வரை வியர்வை போகிறது. அன்று இரவு நாங்களும் முன்னறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பழச்சாறு குடித்து, தீயில் வாட்டிய தொத்திறைச்சியைக் கடுகுச் சாந்தோடு தின்றோம். அதிகம் பேசவில்லை. நான் ஒன்பது மணிக்குப் படுத்து, நடுவே ஒருமுறையும் எழும்பாமல், காலை ஆறுவரை தூங்கினேன்.